முகம் இல்லாத பெர்செபோனி

எங்கள் பட்டறையில் முகம் கடைசியில்தான். உடம்பு முடிந்திருக்கும், துணி மடிப்பு முடிந்திருக்கும், நான்கு குதிரைகளும் பல்லைக் காட்டிக்கொண்டு பாயும். ஆனால் செத்தவர் முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு கல் உருண்டை மட்டும் சப்பென்று உட்கார்ந்திருக்கும். ரோமின் துறைமுகமான ஓஸ்டியாவில் ஆற்றங்கரைப் பட்டறைக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான்: வாங்க ஆள் வருவதற்கு முன்பே, பிணம் வைக்கிற கல்பெட்டியின் மேல் கதையை வெட்டி வைத்துவிடலாம், முகத்தை மட்டும் செத்தவர் யாரென்று தெரிந்த பிறகுதான் வெட்ட முடியும். வாலிபன் செத்தால் அந்த உருண்டை போரில் செத்த வீரன் அக்கிலிஸ் ஆகும். கல்யாணமாகாத பெண் செத்தால் பெர்செபோனி ஆகும். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாள ராஜா ஹேடஸ் இடுப்போடு வாரித் தேரில் போட்டுக்கொண்டு போகிறான். பின்னால் அவள் தாய் டிமீட்டர் இரண்டு கையிலும் தீப்பந்தத்தோடு துரத்தி வருகிறாள். எட்டவில்லை. கொள்ளைநோய் வந்ததிலிருந்து இந்த ஒரு கதையைத்தான் வெட்டிக்கொண்டே இருக்கிறோம்.

என் பெயர் தாலஸ். குதிரை வெட்டுகிறவன் வேறு, துணி வெட்டுகிறவன் வேறு. நான் முகமும் தலைமுக்காடும் மட்டும் வெட்டுவேன். செத்தவர் முகத்தின் மேல் மெழுகில் எடுத்த அச்சைக் கொடுத்தால், பெற்ற தாயே கல்லைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாள், அப்படி ஒரு கை எனக்கு என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குத் திமிரும் இருந்தது. அந்தக் கையை இப்போது வெட்டிப் போடச் சொன்னாலும் நீட்டிவிடுவேன்.

அன்றைக்குப் பட்டறைக்கு வந்தவள் ஓப்பியா, தானியக் கப்பல் வைத்திருந்த ஒருவரின் விதவை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு செருப்புக்குத்தான் வார் கட்டியிருந்தாள், இன்னொன்றின் வார் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. கூட வந்த வேலைக்காரிக்கு அதைச் சொல்லத் தைரியமில்லை. முந்தின நாள்தான் ஓப்பியாவின் மகள் செவேரா கொப்புளக் காய்ச்சலில் போயிருந்தாள். பதினைந்து வயது.

"அச்சு எடுத்தீங்களாம்மா?" என்று எங்கள் முதலாளி பாக்கியஸ் பணிவாகக் கேட்டார்.

"எதுல எடுக்கறது? மூஞ்சின்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தானே? அத்தனையும் கொப்புளம். அதையா வெட்டப் போறீங்க?"

"எப்படி இருப்பாங்கன்னு நீங்க சொல்லுங்க, நம்ம தாலஸ் வெட்டிடுவான்."

"அழகா இருப்பா."

"மூக்கு எப்படிம்மா, நீளமா, சின்னதா?" என்று நான் கேட்டேன்.

"அழகா இருப்பான்னு சொல்றேன்ல?" என்று கத்தினாள்.

இந்த விவரத்தை வைத்துக்கொண்டு எவன் என்ன வெட்டுவது? எந்தத் தாய்க்கு மகள் அழகில்லாமல் இருந்திருக்கிறாள்? அவள் கல்பெட்டியின் ஓரத்துக்குப் போய், தீப்பந்தத்தோடு துரத்தும் டிமீட்டரின் தலையைத் தொட்டாள். அதுவும் உருண்டையாகத்தான் இருந்தது.

"இது மேல என் மூஞ்சிய வெட்டு."

பாக்கியஸ் பதறிவிட்டார். "வேண்டாம்மா. உயிரோட இருக்கறவங்க முகத்த எங்க பட்டறையில கல்லுல வைக்க மாட்டோம். அது உங்க காலத்துக்கு அப்புறம். இப்போதைக்கு உருண்டையாவே இருக்கட்டும்."

"நான் உயிரோட இருக்கேன்னு உனக்கு யாருய்யா சொன்னது?" என்றாள் ஓப்பியா.

ஆனால் பாக்கியஸ் மசியவில்லை. எனக்கு முன்னால் முகம் வெட்டிய ஆள், விளையாட்டாகத் தன் மச்சினன் முகத்தை அக்கிலிஸ் மேல் வெட்டி எல்லாரிடமும் காட்டிச் சிரித்தாராம். அந்த மாதமே மச்சினன் ஆற்றோடு போனான். பெட்டியைக் கல்லறையில் வைத்த ஒன்பதாம் நாள், பாலும் ஒயினும் ஊற்றிச் செத்தவர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார்கள். அந்த நிமிஷம் தேர் கிளம்பிவிடும், கல்லில் யார் முகம் இருக்கிறதோ அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதுவரைக்கும் முகத்தை அழிக்கலாம், மாற்றலாம். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் நம்பினேன்.

போகும்போது ஓப்பியா இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். நெருப்பு நிறத்தில் மெல்லிய முக்காடு, கல்யாணப் பெண் போடுவது. முகத்தில் ஒரு தடவை அழுத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த மாசம் கல்யாணத்துக்குன்னு அவளே நெய்ஞ்சது. கடைசி வரைக்கும் இதக் கட்டிப் புடிச்சிட்டேதான் கெடந்தா. தேர்ல போறப்ப இது காத்துல பறக்கற மாதிரி வெட்டு. வேல முடிஞ்சதும் எனக்குத் திருப்பிக் குடுத்துடு."

அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மெல்லிய துணி காற்றில் எப்படி மடங்கும் என்பதை வெறும் கொம்பில் போட்டுப் பார்க்க முடியாது, தலைமேல் போட்டுத்தான் பார்க்க வேண்டும். துணி வெளுப்பவன் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் வீடு. என் மகள் நெபிரிஸ் ஜன்னலோரம் முக்காலி மேல் ஏறி நின்றாள். பதினான்கு வயது. காது இரண்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிரிப்பை அடக்கும்போது கீழுதட்டின் இடது ஓரத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வாள். என் மனைவி கல்லிஸ்தே பானை மூடியை எடுத்து விசிறினாள். முக்காடு பறந்தது.

"அப்பா, அந்த ஹேடஸ் கெழவன் நெசமாவே வந்தான்னா?"

"வந்தா என்ன பண்ணுவ?"

"உன் உளிய எடுத்து மூக்குலயே ஒரு குத்து. தேர நானே ஓட்டிட்டு வந்து கடத்தெருவுல நிறுத்திடுவேன்."

"ஆடாம நில்லுடி," என்று கல்லிஸ்தே அதட்டினாள். அதட்டிவிட்டு அவளும் சிரித்தாள். வெளிச்சம் சாயும்வரை நான் பலகையில் கோடு போட்டேன். முடித்துவிட்டுத் துணியைக் கேட்டால் பெண் தரமாட்டேன் என்கிறாள். இன்னொருத்தி பொருள், கொடு என்று நான் குரலை உயர்த்தினேன்.

கல்லிஸ்தே குறுக்கே வந்தாள். "விடுய்யா. எப்படியும் வேல முடியற வரைக்கும் உன்கிட்டதானே இருக்கப் போவுது? இன்னைக்கு ஒரு ராத்திரி போத்திட்டுத் தூங்கட்டும். நம்ம பொண்ணு இந்த மாதிரித் துணிய எப்பப் போட்டிருக்கா?"

சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு ராத்திரி ஆறு ராத்திரி ஆயிற்று.

ஆறு நாளும் முகத்தை வெட்டினேன். அச்சு இல்லாமல் வெட்டியது அதுதான் முதல் தடவை. யாரையும் நினைத்துக்கொண்டு நான் வெட்டவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஏதோ ஒரு அழகான பெண், பதினைந்து வயது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. கை தன்பாட்டுக்குப் போனது. இவ்வளவு சுலபமாக ஒரு முகம் எனக்கு வந்ததே இல்லை, நான் பெருமையில் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் மதியம் கல்லிஸ்தே ரொட்டியும் வேகவைத்த கடலையும் கொண்டுவந்தாள். கூடையைக் கீழே வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யோவ். இது யாரு?"

"கப்பக்காரம்மா பொண்ணு."

"அடப்பாவி மனுஷா, நல்லாக் கண்ணத் தொறந்து பாரு. அந்தக் காதப் பாரு. அந்த ஒதட்டப் பாரு."

பார்த்தேன். வெளியே நீட்டிய காது. உள்ளே இழுத்துக் கடித்த உதட்டின் இடது ஓரம். ஹேடஸின் கையில், தேரின் மேல், நெருப்பு நிற முக்காட்டைப் பறக்கவிட்டுக்கொண்டு என் நெபிரிஸ் சாய்ந்து கிடந்தாள்.

"அழிய்யா. மொதல்ல அழி," என்று கல்லிஸ்தே என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நான் அரத்தை எடுத்தேன். அப்போது பார்த்து ஓப்பியா வாசலில் வந்து நின்றாள். எங்களைத் தள்ளிக்கொண்டு கல்லின் அருகே போனவள், இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில், கண்ணில், அந்த உதட்டில் முத்தம் கொடுத்தாள்.

"இவதான். இவளேதான். நான் ஒரு வார்த்த சொல்லலியே, எப்படிய்யா கண்டுபுடிச்ச? ஐயோ, எம் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்துட்டியே!" என்று என் கையைப் பிடித்து அதற்கும் முத்தம் கொடுத்தாள்.

அம்மா, இது உங்கள் மகள் இல்லை, என் மகள் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். வரவில்லை. மகளின் உண்மையான முகம் அவளுக்கே மறந்துபோயிருந்தது, கடைசியாகப் பார்த்த கொப்புளங்கள்தான் கண்ணில் நின்றன. அதற்குப் பதிலாக நான் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். அதை எப்படிப் பிடுங்குவது? கல்லிஸ்தே தன் மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மறுநாள் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, படகில் அக்கரை சேர்த்து, தீவுச்சாலையில் உள்ள கல்லறை மண்டபத்தில் வைத்தார்கள். அந்தக் கலவரத்தில் முக்காட்டை ஓப்பியா கேட்கவும் இல்லை, நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

பெட்டி வைத்த மூன்றாம் நாள் காலையில் நெபிரிஸ் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. முதுகு வலிக்கிறது என்றாள். கல்லிஸ்தே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

நான் நேராக முதலாளியிடம் ஓடினேன்.

"மொதலாளி, அந்த முகம் எம் பொண்ணு முகம். தெரியாம வெட்டிட்டேன். ஒம்பதாம் நாளுக்குள்ள அத எடுத்தாகணும். நெபிரிஸ் படுத்துட்டா."

பாக்கியஸ் திருஷ்டி கழிக்கிற மாதிரித் தன் மேலங்கிக்குள் மூன்று தடவை துப்பிக்கொண்டார். "வெளிய சொல்லித் தொலைக்காதடா. பட்டறைக்கு ஒருத்தன் வர மாட்டான்."

"நான் வேற முகம் வெட்டித் தர்றேன். கூலியே வேணாம்."

"அந்தம்மா தெனமும் போயி அந்த முகத்தத் தடவிக்கிட்டு உக்காந்திருக்குடா. வேற மூஞ்சிய வெச்சா கண்டுபுடிக்காதா? உளிய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போன, கல்லறைய உடைச்சான்னு உன்னத் தண்டனையாச் சுரங்க வேலைக்கு அனுப்பிடுவாங்க. போ, போயி நோய் தீர்க்கற சாமி அஸ்கிலேபியஸ் கோயில்ல ஒரு சேவலக் குடு."

சேவலைக் கொடுத்தேன். கோயில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். பூண்டு கட்டினேன், சாம்பல் பூசினேன், யார் எதைச் சொன்னாலும் செய்தேன். ஐந்தாம் நாள் அவள் வாய்க்குள் புண் வந்தது. ஆறாம் நாள் நெற்றியில் கொப்புளம் வந்தது, ஏழாம் நாள் முகத்தில் ஒரு விரல் வைக்க இடம் இல்லை. முக்காட்டை மட்டும் அவள் விடவில்லை. குளிர்ச்சியாக இருக்கிறதாம். கல்லிஸ்தே அதை நனைத்து நனைத்துப் போர்த்திவிட்டாள்.

"நாளைக்கு எட்டாம் நாள். போறியா, நான் போவட்டுமா?" என்று கேட்டாள்.

எட்டாம் நாள் உச்சி வெயிலில் படகேறித் தீவுச்சாலைக்குப் போனேன். பைக்குள் உளி, அரம், சுத்தியல், மேலே தெரியும்படி இரண்டு வண்ணக் கிண்ணம். கல்லறைக் காவலாளி டெமாஸ் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தாலஸு, இங்கயும் வந்துட்ட? செத்தவங்களையாவது நிம்மதியா விடேன்ய்யா."

"முக்காட்டுல வண்ணம் உதிர்ந்திருக்காம் அண்ணே. நாளைக்கு ஒம்பதாம் நாள் விருந்துக்கு முன்னால பூசணும்."

"சீக்கிரம் முடி. வெயில் தாழ்ந்தா அந்தம்மா வந்துடும். வந்து அந்த மூஞ்சி பக்கத்துல உக்காந்து பேசும். இன்னைக்கு இது சாப்புட்டேன், பூன குட்டி போட்டிருக்கு, அப்படின்னு. எனக்கே கேக்க முடியல, எந்திரிச்சு அந்தாண்ட போயிடுவேன்."

உள்ளே போனேன். கதவிடுக்கில் வந்த வெயில் சரியாக அவள் முகத்தில் விழுந்தது. உடைக்க வேண்டும் என்று நான் வரவில்லை. அரத்தால் கொஞ்சம் மாற்றிவிட்டால் போதும் என்றுதான் வந்தேன். காதை ஒட்ட வைத்துவிடலாம், உதட்டை நேராக்கிவிடலாம், கன்னத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அந்தத் தாய்க்கும் தெரியாது, தேரோட்டிக்கும் அடையாளம் தெரியாது. இரண்டு பேருக்கும் பாதகமில்லாமல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கல்லில் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. இருபத்தாறு வருஷமாக உளி பிடிக்கிற எனக்கு அது அன்றைக்கு மறந்துவிட்டது. கன்னத்தைத் தேய்த்தேன், கன்னம் ஒட்டிப்போயிற்று. உதட்டைத் தேய்த்தேன், உதடு வறண்டு மெலிந்தது. கண்ணின் கீழே லேசாக இழுத்தேன், கண் குழிக்குள் போனது. ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன். வேறு யாரும் இல்லை. வீட்டில் பாயில் கிடக்கிறாளே, அவள். சிரித்துக்கொண்டிருந்த நெபிரிஸை அழித்துச் சாகக் கிடக்கும் நெபிரிஸை நானே வெட்டியிருக்கிறேன். அரம் இழுக்க இழுக்க அவளைச் சாவுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியதும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

சுத்தியலை எடுத்தேன். முதல் அடியில் மூக்கு போனது. இரண்டாவது அடியில் உதடும் தாடையும் சேர்ந்து விழுந்தன. காது தெறித்துச் சுவரில் பட்டது. "விடுடா அவள, விடுடா அவள," என்று ஹேடஸைப் பார்த்துக் கத்திக்கொண்டே அடித்தேன். சில்லு ஒன்று என் கட்டைவிரலைக் கிழித்தது. முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் குழி மட்டும் மிஞ்சியதும் நிறுத்தினேன். டெமாஸ் அப்போது கை கழுவ ஆற்றுப்பக்கம் போயிருந்தான், இல்லாவிட்டால் அங்கேயே பிடித்திருப்பான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கல்லிஸ்தே மாடிப்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து காலைப் பார்த்தேன்.

"எறங்கிடுச்சுய்யா," என்றாள். "காய்ச்சல் எறங்கிடுச்சு. தண்ணி கேட்டுக் குடிச்சா. அத்திப்பழம் வேணுமாம்."

படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அத்திப்பழம் கொண்டுவந்து பிசைந்து ஊட்டினோம். கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் அவள், "அப்பா, அந்தக் கெழவன் வந்தானா?" என்று கேட்டாள்.

"வந்தான். மூக்குலயே ஒரு குத்து குத்தி அனுப்பிட்டேன்," என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். கல்லிஸ்தே என் கிழிந்த விரலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் மதியம் நெபிரிஸ் செத்துப்போனாள்.

அச்சு எடுக்க மெழுகைக் காய்ச்சினேன். காய்ச்சிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதில் எடுப்பது? மெழுகை ஜன்னல் வழியாகக் கொட்டினேன். அவள் முகம் பழுதில்லாமல் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அதை நான்தான் சுத்தியலால் அடித்துத் தூளாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கல்பெட்டி ஏது? பெரிய எண்ணெய்ச் சாடி ஒன்றை நீளவாக்கில் அறுத்து, அதற்குள் வைத்துத் தீவு மணலில் புதைத்தோம். முக்காட்டை அவள் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை. அதோடேயே போகட்டும் என்று கல்லிஸ்தே அவளை அதில் சுற்றினாள். மணலை மூடிவிட்டு நிமிர்ந்தவள் என் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"நீதான்யா வெட்டிக் குடுத்த. உன் கையால வெட்டித் தேர்ல ஏத்தி விட்டுட்டு, அப்புறம் போயி ஒடைச்சா விட்ருவானா?"

அதிலிருந்து தினமும் இதையே சொன்னாள். மாவு பிசையும்போது சொன்னாள், அறை கூட்டும்போது சொன்னாள். என்ன பொய் சொல்லிவிட்டாள்?

பன்னிரண்டு நாள் கழித்து ஓப்பியா பட்டறைக்கு வந்தாள். இந்த முறை வேலைக்காரி இல்லை. மடியில் ஒரு துணி மூட்டை. பாக்கியஸ் என்னைப் பார்த்து விழியை உருட்டினார், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று அர்த்தம். எவனோ திருடன் உள்ளே நகை இருக்கிறது என்று நினைத்து உடைத்துவிட்டான் என்பதுதான் அவளுக்குச் சொன்ன கதை. டெமாஸின் வாயைப் பாக்கியஸ் காசால் அடைத்திருந்தார்.

அவள் மூட்டையை என் பலகை மேல் பிரித்தாள். சில்லுகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி வைத்திருந்தாள். மூக்கு நுனி இருந்தது, தாடையில் ஒரு துண்டு இருந்தது. முழுக் காது ஒன்று இருந்தது, வெளியே நீட்டிக்கொண்டு. அதைப் பார்த்ததும் என் கை தானாக அதன் பக்கம் போனது, நான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒம்பதாம் நாளு பால ஊத்தறப்ப மூஞ்சி இல்லய்யா. வெறும் குழிதான். யாரப் பாத்துக் கூப்புடறதுன்னு தெரியல. இதெல்லாம் வெச்சு அதே மாதிரி இன்னொண்ணு வெட்டிக் குடு."

"முடியாதும்மா."

"புதுக் கல்லு வெச்சுப் பொருத்தலாமாமே? உன் மொதலாளி சொன்னாரு."

"பொருத்தலாம். அந்த முகம் எனக்கு இனிமே வராதும்மா." பொய் இல்லை. வீட்டில் மூன்று தடவை முயன்று பார்த்தேன். உளியைப் பிடித்தால் கொப்புள முகம்தான் வருகிறது.

அவள் மூக்கு நுனியைத் தாடைத் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப அந்த முக்காட்டையாவது குடு. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

"அது எம் பொண்ணோட போயிடுச்சும்மா. அவ விடல. அதச் சுத்தித்தான் பொதைச்சோம்."

"உம் பொண்ணா? உனக்குப் பொண்ணு இருந்தாளா? எதுல போனா?"

"கொப்புளத்துல."

ஓப்பியாவின் முகம் வெளுத்துப்போனது. கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வைத்தியன் சொன்னான்," என்றாள். "அவ தொட்டது எல்லாத்தையும் எரிச்சிடு, இல்லன்னா அதத் தொட்டவங்களுக்கும் வந்துடும்னு. படுக்கைய எரிச்சேன். தலகாணிய எரிச்சேன். இத மட்டும் எரிக்க மனசு வரல. வீட்டுல வெச்சா வேலக்காரங்க எரிச்சிடுவாங்க. அதான் உன்கிட்ட குடுத்து வெச்சேன்."

முகம் இல்லை. முகம் காரணமே இல்லை. அதை வெட்டியதாலும் நோய் வரவில்லை, உடைத்ததாலும் போகவில்லை. நான் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் வீட்டில் அந்தத் துணியை நனைத்து நனைத்து அவள் மேல் போர்த்திக்கொண்டிருந்தோம்.

ஓப்பியாவின் கழுத்தை நெரித்திருப்பேன். இல்லை, அதைவிடக் கொடுமையாக ஒன்று என் நாக்கு நுனியில் இருந்தது. நீ முத்தம் கொடுத்தது என் மகளை, நீ பொறுக்கிக் கழுவி வைத்திருப்பது என் மகள் காது, உன் மகள் எப்படி இருந்தாள் என்று உனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கேயே செத்திருப்பாள். அவள் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், காதை மட்டும் விரலால் தடவி, "செவேரா," என்றாள். நான் விட்டுவிட்டேன். மூட்டையை முடிந்துகொண்டு போனாள். அந்தப் பெர்செபோனிக்கு முகம் வேண்டாம், தாய் டிமீட்டரைப் போலவே ஒரு கல் உருண்டையைப் பொருத்தினால் போதும் என்று பாக்கியஸிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

வீட்டுக்கு வந்தேன். கல்லிஸ்தே கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா எதுக்கு வந்தாளாம்?"

"முகம் வேணுமாம். மாட்டேன்னுட்டேன்."

"எப்படி வெட்டுவ? இன்னும் யார அனுப்பறதுக்கு?" என்று ஆரம்பித்தாள். எப்போதும் சொல்வது எல்லாவற்றையும் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லி ஓய்ந்ததும் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"அந்த மொத ராத்திரி முக்காட்டப் போத்திட்டு எப்படித் தூங்கினா, ஞாபகம் இருக்கா? சிரிச்சுக்கிட்டே தூங்கினா. நீ புடுங்கப் பாத்த. நான்தான் விடல. எம் பொண்ணுக்கு நான் குடுத்ததுன்னு அது ஒண்ணாவது இருக்கு. அத நெனச்சுத்தான் நான் உசுரோட இருக்கேன்."

அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பிடி கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"ஆமா," என்றேன். "நீதான் குடுத்த. நான் அந்த முகத்த வெட்டாம இருந்திருந்தா இந்நேரம் உசுரோட இருந்திருப்பா."